தினம் மூன்று காட்சி அம்மன்

நான் எட்டு வருஷம் அம்மனாக இருந்தேன். சம்பளத்துக்குத்தான். காலை பதினொன்றரை, மதியம் இரண்டரை, சாயங்காலம் ஐந்து என்று தினம் மூன்று காட்சி. ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்கு. பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி போகிற ரோட்டோரத்தில் இருந்த ஒரு தீம் பார்க்கில், ஒரு கொட்டகைக்குள் கயிற்றில் தொங்கியபடி இறங்கி வருவேன். வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டு மறுபடி மேலே போய்விடுவேன். அவ்வளவுதான் வேலை. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெரம்பலூர் தனி மாவட்டமான புதிதில் அந்தப் பார்க் வந்தது. முதலாளிக்கு அங்கே மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் கொட்டி வைக்கிற பெரிய தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. கோயம்புத்தூர் பக்கம் போய் எதையோ பார்த்துவிட்டு வந்தவர், கொட்டகையைச் சுற்றி இருந்த நிலத்தில் தண்ணீர்ச் சறுக்கு, ராட்டினம், தங்குவதற்குப் பன்னிரண்டு அறை என்று கட்டிக்கொண்டே போனார். குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையிறோம், இவரு சறுக்கி விளையாடத் தொட்டி கட்டுறாராம் என்று எதிர் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கொட்டகையை இடிக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. அரியலூரில் மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையின் நாற்காலிகளை லாரியில் ஏற்றி வந்து வரிசையாகப் போட்டு, ஒரு கோடியில் மேடை கட்டி, 'லைவ் ஷோ தியேட்டர்' என்று போர்டு மாட்டிவிட்டார். மழை பெய்தால் உள்ளே வெங்காய வாடை அடிக்கும். கடைசி வரைக்கும் அது போகவில்லை.

முதலில் திருச்சியிலிருந்து ஒரு குழு வந்து சினிமாப் பாட்டுக்கு ஆடியது. குடும்பத்தோடு வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். அப்புறம் ஒரு மேஜிக்காரர் வந்தார். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே அவருடைய முயல் செத்துப்போனது, அவரும் கிளம்பிவிட்டார். பிறகுதான் மேனேஜருக்கு அந்த யோசனை வந்தது. சமயபுரத்துக்குப் போகிற வேன்கள் எல்லாம் எங்கள் வாசலில்தான் ஒன்றுக்குப் போக நிற்கும். மஞ்சள் சேலையோடு இறங்குகிற ஜனத்தை உள்ளே இழுக்க என்ன வழி என்று யோசித்து, மேடையில் அம்மனை இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்.

நான் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் போனேன். விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எனக்கு. கட்டியவன் விட்டுவிட்டுப் போன அடுத்த வருஷம், அண்ணி கையால் சோறு வாங்கித் தின்னப் பிடிக்காமல் பெரம்பலூரில் ஒரு அறை பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். முதலில் அம்மனாக இருந்த திருச்சிப் பெண் கல்யாணம் நிச்சயமானதும் நின்றுவிட்டாள். கயிறு இழுப்பவர் அதற்கு முன்னால் கிணறு வெட்டுகிற இடங்களில் மண் தூக்கும் கிரேனை ஓட்டியவர். அந்தக் கிரேனின் பழைய கப்பி இரண்டைத்தான் கொட்டகை விட்டத்தில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாட்டியிருந்தார். நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல இருந்தா என்னால முடியாது என்று அவர் சொல்லிவிட்டதால், பார்க்கில் வேலை செய்த பெண்களை எல்லாம் வெங்காயம் நிறுக்கிற தராசில் ஏற்றி நிறுத்தார்கள். நான் நாற்பத்தொன்று. "நீதாம்மா அம்மன்" என்றார் மேனேஜர். நடிப்பு வருமா என்று யாரும் கேட்கவில்லை.

நடிப்பு தேவைப்படவும் இல்லை. வாயைத் திறக்கக் கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். திருச்சியில் யாரோ ஒரு அம்மாள் கேசட்டில் பேசிக் கொடுத்திருந்தார். "பக்தர்களே, உங்கள் குறைகளை யாம் அறிவோம்" என்று அது சுத்தத் தமிழில் பேசும். புகை வரும், மணி அடிக்கும், நான் இறங்குவேன். இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பெல்ட் ரத்தத்தை அப்படியே நிறுத்திவிடும். இரண்டாவது மாதத்திலிருந்து அதுவும் பழகிப்போனது. மேலே தொங்கும்போது இன்றைக்கு என்ன குழம்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஜனங்கள்தான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். மேடையில் காசு போட்டார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள், குழந்தையைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் பேர்பெற்ற ஒரு அம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் நடை திறக்கும். மற்ற நாளில் தெரியாமல் வந்தவர்கள் பூட்டிய கதவுக்குச் சூடத்தைக் கொளுத்திவிட்டு நேராக எங்கள் பார்க்குக்கு வந்தார்கள். எங்கள் அம்மனுக்கு வாரம் முழுக்க நடை உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று தெரியாவிட்டால் அம்மனிடம் பூ கேட்பார்கள். சன்னிதியில் நின்று மனசுக்குள் கேட்டுக்கொள்வார்கள். சிலையின் வலது பக்கம் பூ விழுந்தால் செய்யலாம். இடது பக்கம் விழுந்தால் கூடாது. அதற்கு மேல் பேச்சு கிடையாது. என் கிரீடத்திலும் அரளிப் பூ வைத்திருப்பார்கள். இடது பக்கக் கப்பிக்குக் கிரீஸ் போடுவதே இல்லை, அதனால் பாதி வழியில் வெடுக்கென்று இழுக்கும். அந்த இழுப்பில் ஒவ்வொரு காட்சியிலும் இடது பக்கம்தான் பூ விழும். கீழே யார் எதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அரியலூரை முதல் தடவையாகத் தனி மாவட்டமாக்கிய வருஷம், மாசி மாதம், ஒரு புதன்கிழமை. இரண்டரை மணிக் காட்சியில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். முன் வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்று தலைக்கு மேலே கைகூப்பிக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். பக்கத்தில் ஆறு வயசுப் பெண் குழந்தை ஒன்று, நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. கப்பி இழுத்தது. பூ இடது பக்கம் விழுந்தது. அவள் கையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

காட்சி முடிந்து, கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் நான் தேங்காய் எண்ணெய் போட்டு முகத்து மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளும் குழந்தையும் தண்ணீர் குடிக்க வந்தார்கள். குழந்தை நாலு எட்டு வைக்கும், குத்துக்காலிட்டு உட்காரும், மறுபடி எழுந்து நாலு எட்டு வைக்கும். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"ஏம்மா, புள்ள ஏன் இப்படி ஒக்காந்து ஒக்காந்து எந்திரிக்குது?" என்று கேட்டேன்.

"நெஞ்சுல ஓட்டைங்க அக்கா" என்றாள். கேட்காமலேயே மிச்சத்தையும் சொன்னாள். எறையூர்க்காரி. கரும்பு வெட்டுகிற வேலை. "நாளைக்கு மெட்ராஸுக்கு வரச் சொல்லிருக்காங்க. பெட்டு ஒதுக்கிட்டாங்களாம். ஆபரேஷன் பண்ணலன்னா பத்து வயசு தாண்டாதுன்னு டாக்டரு சொல்றாரு. எங்க மாமியா வேணாங்குது. பொம்பளப் புள்ளைக்கு நெஞ்ச அறுத்துத் தையல் போட்டா நாளைக்கு எவன் கட்டுவாங்குது. வூட்டுக்காரரு, அம்மன்கிட்ட பூ கேளு, ஆத்தா என்ன சொல்றாளோ அதான்னுட்டாரு. கோயிலுக்கு வந்தேன், இன்னிக்கு நடை இல்ல. அங்க பூ விக்கிற அம்மாதான் சொன்னுச்சு, பார்க்குல தெனமும் அம்மன் எறங்குதுன்னு."

"ஆத்தா என்ன சொன்னா?"

"வேணாம்னுட்டா. எடது பக்கம் விழுந்துருச்சு."

அவள் அழவில்லை. தலைச்சுமையை இறக்கி வைத்தவள் மாதிரி இருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாதி துடைத்த முகத்தை அவளுக்கு முன்னால் நீட்டினேன்.

"நல்லாப் பாரும்மா. நான்தான் அது. கூட்டிப் பெருக்க வந்தவ. மேல இருக்கற கப்பிக்குக் கிரீஸ் இல்ல, அதனால வெடுக்குன்னு இழுக்குது. தெனம் மூணு வேளையும் எடது பக்கந்தான் விழுது. இத நம்பி புள்ளைய விட்டுருவியா?"

"தெரியுதுங்க அக்கா, நீங்கதான்னு" என்றாள் அவள். "கோயில்ல இருக்கறது மட்டும் என்ன, கல்லுதானங்க. அலங்காரம் பண்ணிட்டா ஆத்தா. நீங்க அலங்காரத்துல இருக்கையிலதான விழுந்துச்சு."

"அப்ப அஞ்சு மணி ஷோவுல இன்னொருவாட்டி கேளு. வலது பக்கம் விழ வைக்கிறேன்."

"ரெண்டாவது கேக்கக் கூடாதுங்க. குத்தமாயிரும்."

எறையூர் பஸ்ஸுக்கு ஆறு மணி ஆகும். அதுவரைக்கும் வெயிலில் கிடக்க வேண்டாம், உள்ளே ஃபேனுக்கடியில் உட்காருங்கள் என்று கொட்டகையில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். டிக்கெட் கிழிக்கிறவரிடம் என் சொந்தக்காரி என்று சொன்னேன்.

ஐந்து மணிக் காட்சிக்கு நல்ல கூட்டம், ஸ்கூல் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். நான் இறங்கினேன். கேசட் "யாம் அறிவோம்" என்றது. அவள் முன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள், கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. அலங்காரத்தில் இருந்தால் ஆத்தா என்று அவள்தானே சொன்னாள் என்று எனக்குப் பட்டது. வாயைத் திறந்தேன்.

"ஏ எறையூர்க்காரி. புள்ளைய நாளைக்கு மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போ. அறுக்கச் சொல்லு. நான் இருக்கேன்."

கடைசி இரண்டு வார்த்தையை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. அறுக்கச் சொல்லு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

கொட்டகை அப்படியே அடங்கிப்போனது. பின் வரிசையில் இரண்டு பெண்களுக்குச் சாமி வந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து மேடை விளிம்பில் கிடத்தினாள். குழந்தை என்னை அண்ணாந்து பார்த்து, "அம்மா, சாமி ரப்பர் செருப்பு போட்டுருக்கு" என்றது. அவள் அதன் வாயைப் பொத்தினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குழந்தை பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

மேனேஜர் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "பிரமாதமா இருந்துச்சும்மா. இனிமே ஷோவுக்கு ஒரு ஆளுக்கு இப்படிச் சொல்லிரு. டிக்கெட் குடுக்கறப்பவே ஊரு பேரைக் கேட்டு வச்சுக்கலாம்."

"அப்படின்னா நீங்களே சேலை கட்டிக்கிட்டுத் தொங்குங்க சார்" என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். மறுநாள் அரளிப் பூவை ஊசி நூலால் கிரீடத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். அதற்கப்புறம் பூ எந்தப் பக்கமும் விழவில்லை.

ஆடி மாதம் அவள் திரும்பி வந்தாள். அன்றைக்கும் புதன்கிழமை. நான் இறங்கும்போது முன் வரிசையில் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை, தரையிலும் இல்லை. எல்லோரும் கைகூப்பினார்கள், அவள் கை மடியில் கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுந்து மேடைக்கு ஓரமாக வந்து நின்றாள்.

"இருக்கேன்னியே, எங்கடி இருந்த?" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்கிற மாதிரி கேட்டாள். "அறுக்கச் சொல்லுன்ன, அறுத்தாங்க. நல்லாத்தான் முடிஞ்சுதுன்னாங்க. மூணாம் நாளு காய்ச்ச வந்துச்சு. சாமி வருமாம்மா, சாமி வருமாம்மான்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. நீ எந்த ஊருக்கு டூட்டிக்குப் போயிருந்த? ஒனக்கு எங்க புள்ளதான் கெடச்சுதா?"

யாரும் அவளைத் தடுக்கவில்லை. அம்மனை வைவது எங்கள் பக்கம் வழக்கம்தான், உரிமை இருக்கிறவள் வைகிறாள் என்று விட்டுவிடுவார்கள். என் கை தூக்கியபடியே இருந்தது. காட்சி முடியும்வரை அதை இறக்கக் கூடாது. எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. உடம்பில் எதுவுமே இல்லாத மாதிரி இருந்தது. கேசட் முடிந்ததும் கயிறு இழுப்பவர் என்னை மேலே தூக்கினார்.

குழாயடிக்கு வந்தபோது அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கீங்களா அக்கா? எளைச்சுப் போயிட்டீங்களே" என்றாள். உள்ளே நின்று வைதவள் வேறு யாரோ என்கிற மாதிரி.

"என்னை மன்னிச்சிரும்மா."

"நீங்க என்னங்க அக்கா பண்ணீங்க? அவதான சொன்னா" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம். மாதம் ஒரு தடவை, புதன்கிழமை, இரண்டரை மணிக் காட்சி. வருவாள், முன் வரிசையில் உட்காருவாள், நான் இறங்கியதும் எழுந்து வந்து வைவாள். வெளியே வந்து என்னிடம் நலம் விசாரிப்பாள். கரும்பு வெட்டுக் காலத்தில் ஒரு துண்டுக் கரும்பு கொண்டுவந்து கொடுப்பாள். வேறு பிள்ளை பிறந்ததா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை வந்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. போகவில்லை. அவள் வருகிற அன்றைக்கு வேறு ஒருத்தி தொங்கினால் அவள் என்ன செய்வாள் என்று தோன்றியது. அது பாவத்துக்குப் பரிகாரம் என்றெல்லாம் நினைத்துச் செய்ததில்லை. எழுந்தேன், குளித்தேன், பெல்ட் மாட்டினேன், தொங்கினேன். அந்த ஐந்து வருஷத்தில் எதற்காகவும் நான் கோபப்பட்டதாக ஞாபகம் இல்லை. எனக்கே அது வியப்பாகத்தான் இருக்கிறது.

கொட்டகைக்கும் காலம் முடிந்துகொண்டிருந்தது. கேபிள் டிவி வந்த பிறகு அம்மன் வீட்டுக்குள்ளேயே இறங்க ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர்ச் சறுக்குத் தொட்டியில் ஓணான் ஓடியது. நாலு வழிச் சாலை போட வந்தவர்கள் முன்பக்கத்து நிலத்தை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு அறையிலும் இன்ஜினியர்களாகத் தங்கினார்கள். பத்து டிக்கெட்டுக்குக் குறைந்தால் காட்சி இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆனாலும் அவள் வருகிற புதன்கிழமை மட்டும் நானும் கயிறு இழுப்பவரும் அவரிடம் கேட்காமலேயே நடத்தினோம். கேசட் தேய்ந்துபோய் ஓடவில்லை. புகையும் இல்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவள் ஒருத்தி நின்று வைவாள், நான் கையைத் தூக்கிக்கொண்டு தொங்குவேன். கயிறு இழுப்பவர் ஒருநாள், "ஏம்மா, இது ஒனக்குத் தேவையா?" என்று கேட்டார். தெரியலண்ணே என்றேன்.

நடுவில் கலைத்துவிட்ட அரியலூர் மாவட்டம் இரண்டாவது தடவை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட சமயம், கொட்டகையைத் தார் டிரம்மும் சிமெண்ட்டும் வைக்கக் கேட்டார்கள் என்று முதலாளி கொடுத்துவிட்டார். நாற்காலிகளைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமைதான். அவள் வந்து வாசலில் நின்றாள். நான் சாதாரணச் சேலையில் இருந்தேன், முகத்தில் மஞ்சள் இல்லை.

"இனிமே ஷோ இல்லம்மா" என்றேன்.

"அப்ப நான் எங்க போறது?"

"கோயிலுக்குப் போம்மா. வெள்ளிக்கிழம தொறந்திருக்கும். அங்க போய் அவளை வையி."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அலங்காரம் இல்லாத என் முகத்தை அப்படிப் பார்த்ததே இல்லை.

"அவ எங்க சொன்னா?" என்றாள். "நீதான சொன்ன."

அக்கா இல்லை, 'ங்க' இல்லை. பின்னால் ஒரு வரிசை நாற்காலியை லாரியில் எறிந்தார்கள்.

"ஆமா" என்றேன். "நான்தான் சொன்னேன்."

"எம் புள்ள பேரு என்னன்னாவது ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. குழாயடியிலும் கேட்கவில்லை, அவள் வந்து போன அத்தனை புதன்கிழமையிலும் கேட்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் சொன்னாள். சின்னப் பேர், எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்திக்கு இருக்கிற பேர்தான். அதை இங்கே எழுத மாட்டேன்.

"நீ ஒருவாட்டி சொல்லு" என்றாள்.

சொன்னேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.